ஜிம் ஹென்சன் பாணியில் வாயசைக்கும் கைப்பொம்மை: செய்வதும் ஆட்டுவதும்

1955-ல் வாஷிங்டனின் டபிள்யூ.ஆர்.சி. தொலைக்காட்சியில் ‘சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சி தொடங்கியபோது அதை நடத்திய அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனுக்கு வயது பதினெட்டு. உடன் பொம்மையாட்டியவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்துப் பொம்மலாட்ட வகுப்பில் அறிமுகமான ஜேன் நெபெல். பின்னாளில், 1959-ல், இருவரும் மணந்துகொண்டார்கள். அம்மாவின் பழைய கோட்டை வெட்டித் தைத்து, ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை இரண்டாக அறுத்துக் கண்களாக வைத்து ஹென்சன் அப்போது உருவாக்கிய பொம்மைதான், பின்னாளில் தவளையாகப் புகழ்பெற்ற கெர்மிட். அன்றைக்கு அது தவளைகூட இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று.

அதுவரை தொலைக்காட்சியில் பொம்மலாட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு குட்டி மேடையைத் தூக்கி வந்து கேமரா முன் வைப்பார்கள். பலகைக்குப் பின்னால் ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள், மேலே மரத்தாலோ காகிதக்கூழாலோ செய்த தலைகள் ஆடும். ஹென்சன் பலகையைத் தூக்கி எறிந்தார். திரையின் நான்கு ஓரங்களே மேடை. ஓரத்துக்கு வெளியே யார் நின்றால் என்ன? இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது. கேமரா முகத்துக்கு அருகில் போகும் என்பதால் அசையாத மரமுகம் உதவாது, துணியும் நுரையும் வேண்டும். பார்வையாளர் பார்ப்பதையே ஆட்டுபவரும் பார்க்க வேண்டும் என்பதால் காலடியில் ஒரு மானிட்டர் வேண்டும். கீழே சொல்லும் அளவுகளும் முறைகளும் இந்த இரண்டு தேவைகளுக்காகத்தான். அலமாரியில் வைத்து அழகு பார்க்க ஒரு பொம்மை வேண்டுமென்றால் வேறு வழிகள் எளிது.

எடுத்து வைக்க வேண்டியவை

- 12 மி.மீ. கனமுள்ள பாலியூரித்தேன் ஃபோம், 70 × 40 செ.மீ. தலைக்கும் கைகளுக்கும் இது போதும்.
- ஃப்ளீஸ் துணி, முக்கால் மீட்டர். அதே நிறத்தில் நைலான் நூல்.
- வாய்த்தகட்டுக்கு 3 மி.மீ. ரப்பர் ஷீட் அல்லது கெட்டியான அட்டை, 20 × 20 செ.மீ.
- கேன்வாஸ் துணிப்பட்டை, 14 × 4 செ.மீ. 25 மி.மீ. அகல எலாஸ்டிக், அரை மீட்டர்.
- கான்டாக்ட் சிமென்ட் (இரு முகங்களிலும் தடவி ஒட்டும் ரப்பர் பசை), இரண்டு பகுதி எபாக்ஸி பசை.
- 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று. கறுப்பு, சிவப்பு ஃபெல்ட் துணி.
- 3 மி.மீ. எஃகுக் கம்பி, 45 செ.மீ. நீளத்தில் இரண்டு. பிடிக்கு 10 செ.மீ. மரக்குச்சி இரண்டு.
- உடைத்துப் புதுமுனை எடுக்கும் பிளேடு கத்தி, ஊசிகள், குண்டூசி, மார்க்கர்.

ஹென்சனின் பட்டறையில் மேல்தோலுக்கு ஆன்ட்ரான் என்ற நைலான் ஃப்ளீஸைத் தேவையான நிறத்தில் சாயமேற்றிப் பயன்படுத்தினார்கள். அதன் குச்சங்கள் தையலை அப்படியே விழுங்கிவிடும். அது கிடைக்காவிட்டால் உருண்டை பிடிக்காத சாதாரண ஃப்ளீஸ் போதும். வாங்கும்போது துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் நன்றாக நீளும், மறு திசையில் அவ்வளவாக நீளாது. நீளும் திசை தலையைச் சுற்றி வர வேண்டும். மாற்றி வெட்டினால் கன்னத்தில் மடிப்பு விழுவதை எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது.

தலை

ஃபோமில் 60 செ.மீ. நீளம், 23 செ.மீ. உயரம் கொண்ட ஒரு பட்டையை வெட்டுங்கள். அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பது தலையின் சுவர், மேலே இருக்கும் 15 செ.மீ. கூரை. கோட்டின் மேல் பகுதியைப் பத்து பத்து சென்டிமீட்டராக ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் இதழாக வரையுங்கள். இதழின் அகலம் கோட்டில் 10 செ.மீ., அதற்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் 8.7, பத்தாவது சென்டிமீட்டரில் 5, உச்சியில் பூஜ்யம். இந்தப் புள்ளிகளை வெளிப்பக்கம் புடைத்த வளைகோட்டால் இணையுங்கள். நேர்கோட்டால் இணைத்தால் உருண்டைத் தலைக்குப் பதில் கூம்புதான் வரும். முதல்முறை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

ஃபோமைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். கத்தரி இரண்டு பக்கமும் அழுத்துவதால் வெட்டுமுகம் நடுவில் குழிந்து போகும். ஒட்டும்போது ஓரங்கள் மட்டும் தொட்டுக்கொண்டு உள்ளே இடைவெளி விழும். புது பிளேடை நேர்க்குத்தாக வைத்து, அழுத்தாமல், இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். பிளேடு ஃபோமைப் பிய்க்கத் தொடங்கினால் முனையை உடைத்துவிட்டுப் புதிதை எடுங்கள்.

கான்டாக்ட் சிமென்டை ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களிலும் மெல்லியதாகத் தடவுங்கள். உடனே ஒட்டக் கூடாது. விரல் வைத்தால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. இந்தப் பதம் வரப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். காற்றில் ஈரம் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம். ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கி விலகும். பதத்தில் ஒட்டினால் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது. ஆகவே ஓர் இதழின் அடியில் தொடங்கி, இரு விரலால் கிள்ளிக் கிள்ளி மேலே போங்கள். உச்சியில் ஆறு முனைகளும் கூடும் இடத்தில் 12 மி.மீ. கனம் நெருக்கிக்கொண்டு ஒரு குமிழ் கிளம்பும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு முனையிலும் அரை சென்டிமீட்டரை முன்பே வெட்டிவிடலாம். இதழ்கள் எல்லாம் மூடிய பிறகு கடைசியாகப் பட்டையின் இரு முனைகளையும் இணையுங்கள். அந்த இணைப்பு பின்னந்தலை. சிமென்டின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் தீ வேண்டாம்.

வாய்

பொம்மையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

காகிதத்தில் 14 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளத்தில் ஒரு நீள்வட்டம் வரைந்து, குறுக்கே பாதியாக வெட்டுங்கள். ஒன்று மேல் தாடை, மற்றது கீழ்த் தாடை. கீழ்த் தாடையின் வளைவில் 5 மி.மீ. குறைத்துவிடுங்கள். வாய் மூடும்போது கீழ் உதடு மேல் உதட்டுக்குச் சற்று உள்ளே அமரும். இரண்டும் சமமாக இருந்தால் பக்கவாட்டில் பார்க்க முகம் தட்டையாகத் தெரியும். வெட்டுவதற்கு முன் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவை, மடிப்பில் சரியாக உட்கார வேண்டும். விரல்நுனி முன் ஓரத்தைத் தொட வேண்டும். சிறிய கை என்றால் இரு தாடைகளின் ஆழத்திலும் ஒரு சென்டிமீட்டர் குறையுங்கள். விரல் எட்டாத வாயைத் திறந்து மூடினால் உதடு மட்டும் பின்தங்கி ஆடும்.

காகித வடிவத்தை ரப்பர் ஷீட்டில் வைத்து இரு தகடுகளையும் வெட்டிக்கொள்ளுங்கள். இனி கீல். இரு தகடுகளையும் வாய் மூடிய நிலையில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, பின்புறம் கேன்வாஸ் பட்டையைச் சுற்றி ஒட்டுங்கள். விரித்து வைத்து ஒட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் அப்படி ஒட்டினால் மூடும்போது பட்டை இழுத்துக்கொண்டு வாய் எப்போதும் ஒரு விரல் திறந்தே நிற்கும். பட்டை காய்ந்த பிறகு உள்பக்கம் சிவப்பு ஃபெல்ட்டை ஒட்டலாம்.

கை இருக்கும் பக்கத்தில், நான்கு விரலுக்கும் சேர்த்து ஓர் எலாஸ்டிக் பட்டையும் கட்டைவிரலுக்குத் தனியாக ஒன்றும் வேண்டும். இவற்றை ஒட்டாதீர்கள், தகட்டில் துளையிட்டுத் தையுங்கள். ஆட்டும்போது முழு இழுவையும் இங்கேதான் விழுகிறது. பசை என்றைக்கோ ஒருநாள் பாதி வசனத்தில் விட்டுவிடும். பட்டை விரலை இறுக்கக் கூடாது, தளர்ந்தும் இருக்கக் கூடாது: கையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் தகடு கழன்று விழாமல் இருந்தால் சரி.

தலையில், பின் இணைப்புக்கு நேர் எதிரே, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் 23.5 செ.மீ. நீளத்துக்குக் கிடையாக ஒரு கீறல் போடுங்கள். இந்த நீளம் மேல் தாடையின் வளைவோரத்துக்குச் சமம். கீழ்த் தாடையின் ஓரம் முக்கால் சென்டிமீட்டர் குறைவு, அந்த மிச்சத்தை ஃபோம் அழுந்தி ஏற்றுக்கொள்ளும். தகட்டின் கைப்பக்கத்து ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் ஃபோமின் வெட்டுமுகத்திலும் சிமென்ட் தடவி, மேல் உதட்டின் நடுவில் தொடங்கி இரு மூலைகளுக்கும் போங்கள். பிறகு கீழ் உதடு. கீறலின் இரு முனைகளும் உள்ளிழுக்கப்பட்டு வாய் முன்பக்கம் சற்றுத் துருத்திக்கொண்டு வரும். அப்படி வருவதுதான் சரி.

இப்போது வாயைத் திறந்தால் தாடை முரண்டு பிடிக்கும். காரணம், தாடையின் பக்கங்கள் இன்னும் பின்சுவரோடு சேர்ந்திருக்கின்றன. கீறலின் ஒவ்வொரு முனைக்கும் கீழே, அடியோரத்தில் 2 செ.மீ. அகலமும் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே முடியும் கூர்நுனியும் கொண்ட ஆப்பு வடிவத்தை வெட்டி எடுங்கள். கட்டைவிரல் மட்டும் அசைந்தால் தாடை தானாக இறங்கி, விட்டால் தானாக மூட வேண்டும். ஓய்வில் வாய் மூடியிருக்கும் பொம்மையைத்தான் நீண்ட நேரம் ஆட்ட முடியும்.

தோல் போர்த்துவதற்கு முன் இந்த மொட்டைத் தலையைக் கையில் மாட்டி, கண்ணாடி முன் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால், மூலை பிய்ந்தால், வாய் கோணினால் இப்போதே தெரிந்துவிடும். தோலுக்கடியில் போன பிறகு சரிசெய்வது பாதி பொம்மையைக் கலைப்பதற்குச் சமம்.

முதல் கெர்மிட்டின் முகத்துக்குள் இந்த ஃபோம் ஓடெல்லாம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். துணிக்குள் இருந்த விரல்களும் மூட்டுகளுமே முகம். அதனால்தான் அவன் உதட்டைச் சுருக்கவும் முகம் கோணவும் முடிந்தது. இந்த ஃபோம் தலை அவ்வளவு நுட்பமாக முகம் காட்டாது, ஆனால் முதல் பொம்மைக்கு இதுவே மேல். துணித்தலையை ஆட்டக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

தோல்

ஃபோம் தலையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். மார்க்கரால் தையல் வர வேண்டிய இடங்களை டேப்பின் மேல் வரையுங்கள்: ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு ஒரு கோடு, பின்னந்தலை நடுவில் செங்குத்தாக ஒன்று. முகத்தில் தையலே வரக் கூடாது. கோட்டில் வெட்டி எடுத்தால் முகம், பின்-இடது, பின்-வலது என மூன்று துண்டுகள் கிடைக்கும். தட்டையாகப் படியாத இடத்தில் சிறு வெட்டு கொடுத்துப் படிய வையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நீளும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட மறக்க வேண்டாம். துணியில் வெட்டும்போது தையலுக்காக 4 மி.மீ. மட்டும் விடுங்கள்.

ஹென்சன் பட்டறையில் கையாண்ட மறைதையலை அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். நல்ல பக்கம் வெளியே தெரிய இரு துண்டுகளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடியுங்கள். ஊசி ஒரு துண்டின் ஓரத்துக்குள்ளேயே 3 மி.மீ. ஓடி வெளியே வரும், நேர் எதிரே மறு துண்டுக்குள் நுழையும், அங்கே 3 மி.மீ. ஓடும், திரும்பி இங்கே வரும். ஏணிப்படி மாதிரி நூல் தெரியும். ஐந்து படி ஆனதும் நூலை இழுங்கள். இரு ஓரங்களும் உள்பக்கம் மடிந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ரொம்ப இழுத்தால் தையல் பள்ளமாகும், குறைவாக இழுத்தால் நூல் பல்லிளிக்கும். முடித்த பிறகு ஊசிமுனையால் தையல் நெடுக நெருடி, மாட்டிக்கொண்ட குச்சங்களை வெளியே எடுங்கள். கோடு காணாமல் போய்விடும்.

பின் துண்டுகள் இரண்டையும் முதலில் தைத்துச் சேர்த்து, பிறகு முகத்தோடு தைத்து, தலையின் மேல் தொப்பிபோல் இழுத்து மாட்டுங்கள். முகத்துணியில் வாய்க்கு நேராக 20 செ.மீ. வெட்டி, ஓரத்தை உள்ளே மடக்கித் தகட்டின் உள்விளிம்பில் ஒட்டுங்கள். வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஒட்ட வேண்டும். மூடி வைத்து ஒட்டினால் தோல் தாடையைத் திறக்க விடாது. தோலைத் தலை முழுக்கப் பசை போட்டு ஒட்ட வேண்டியதில்லை. உதட்டோரமும் கழுத்தோரமும் போதும், இடையில் ஃப்ளீஸ் தானாக நழுவி நகர்ந்தால்தான் முகம் உயிரோடு அசையும்.

கண்

1960-களின் தொடக்கத்தில் ஹென்சனோடு சேர்ந்த டான் சாலின்தான் மப்பெட்களின், அதாவது ஹென்சனின் பொம்மைகளின், தோற்றத்தை வரையறுத்த கைவினைஞர். 1962-ல் நாய்த்தீவன விளம்பரத்துக்காகச் செய்த ரோல்ஃப் என்ற நாய் அவர் கைவண்ணம். கண்களும் மூக்கும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தை அவர்கள் ‘மாய முக்கோணம்’ என்றார்கள். கண்மணிகள் அதன் நடுவை நோக்கி லேசாகக் கூடினால் பொம்மை உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். இரண்டு மணிகளும் கண்ணின் நட்டநடுவில் இருந்தால் பார்வை எங்கோ தூரத்தில் வெறிக்கும். வெளிப்பக்கம் விலகினால் கேட்கவே வேண்டாம்.

பந்தை இணைப்புக்கோட்டின் வழியே பிளேடால் மெதுவாக அறுங்கள். பளபளப்பு இருந்தால் விளக்கொளி அதில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து கண்மணியோடு போட்டி போடும். 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். கான்டாக்ட் சிமென்டை இங்கே பயன்படுத்தவே கூடாது. அதன் கரைப்பான் பந்தின் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் குழைத்துவிடும். சூட்டுப்பசைத் துப்பாக்கியும் ஆகாது, மெல்லிய பந்து நெளிந்துபோகும். எபாக்ஸி போடுங்கள், அல்லது விளிம்பில் சிறு துளைகள் இட்டுத் தோலோடு தைத்துவிடுங்கள்.

கறுப்பு ஃபெல்ட்டில் 11 மி.மீ. விட்டத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். கண்களை எங்கே வைப்பது என்பதை மேசையில் வைத்து முடிவு செய்யக் கூடாது. குண்டூசியால் தற்காலிகமாகக் குத்தி, மணிகளை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, பொம்மையைக் கையில் மாட்டி, கேமராவை ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கண்கள் வாய்க்கு நெருங்கி வந்தால் முகம் குழந்தைத்தனமாகும், மேலேறினால் வயதும் மந்தமும் கூடும். மணிகளை மூக்குப் பக்கமாக 2 மி.மீ. நகர்த்திப் பாருங்கள், பிறகு 3 மி.மீ. எந்த இடத்தில் பொம்மை சட்டென்று விழித்துக்கொள்கிறதோ அதுதான் இடம். திரையில் பார்த்தால் சந்தேகமே இருக்காது. ஒரு மணிநேரம் போனாலும் பரவாயில்லை. முழுப் பொம்மையிலும் இந்த இரண்டு மில்லிமீட்டரைவிட முக்கியமான அளவு இல்லை.

மூக்கு, புருவம், முடி எல்லாம் உங்கள் விருப்பம். புருவம் வைத்தால் கண்ணைத் தொடாமல் வையுங்கள், தொட்டால் நிரந்தரக் கோபம்.

உடலும் கைகளும்

உடல் என்பது ஒரு துணிக்குழாய்: சுற்றளவு 42 செ.மீ., நீளம் குறைந்தது 45. உங்கள் முழங்கை அதற்குள் மறைய வேண்டும். தோள் இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளே ஒரு ஃபோம் வளையம் ஒட்டினால் சட்டை தொங்காமல் நிற்கும். கீழே எதுவும் வேண்டாம், எடைதான் கூடும்.

கைக்கு 26 செ.மீ. நீள ஃப்ளீஸ் குழாய். பாதியில் ஒன்றரை சென்டிமீட்டர் பஞ்சு வைக்காமல் விட்டு, அந்த இடத்தின் இரு பக்கமும் குறுக்கே ஒரு தையல் போட்டால் முழங்கை. உள்ளங்கையை ஃபோமில் வெட்டி, நான்கு விரல் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம், மப்பெட்கள் பலவற்றுக்கு அவ்வளவுதான். எஃகுக் கம்பியின் ஒரு முனையைச் சிறு வளையமாக மடக்கி மணிக்கட்டுக்குள் தைத்துவிடுங்கள். மறுமுனை மரப்பிடிக்குள் எபாக்ஸியோடு போகட்டும். வெறுமனே குத்தி வைத்த கம்பி சுழன்றுகொண்டே இருக்கும், கை உங்கள் சொல் கேட்காது. கம்பிக்கு மங்கலான கறுப்பு வண்ணம் அடியுங்கள், வெள்ளி மினுமினுப்பு கேமராவில் உடனே தெரியும். இதைவிட மெல்லிய கம்பி ஆடும், தடித்தால் எடை.

கெர்மிட்டும், ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் எர்னியின் ஜோடியான பெர்ட்டும் இந்தக் கம்பிக்கைக் குடும்பம். ரோல்ஃப், எர்னி, ஃபோஸி கரடி போன்றவை வேறு வகை. அவற்றின் கைகள் கையுறை. உள்ளே மனிதக் கைகளே இருக்கும். ஆட்டுபவரின் வலது கை தலைக்குள் போய்விடுவதால் இடது கை பொம்மையின் இடது கையாகும், வலது கையை இன்னொருவர் ஒட்டி நின்று ஆட்டுவார். எர்னிக்கு ஹென்சன் தலையும் இடது கையும். மப்பெட்களில் இத்தனை இடதுகைப் பழக்கக்காரர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு பேர் சேர்ந்து பழக முடியுமென்றால் பொருட்களைத் தூக்கவும் எழுதவும் பியானோ வாசிக்கவும் அந்த வகைக்கு ஈடில்லை. தனியாள் என்றால் கம்பியே நல்லது: இடது கையால் ஒரு கம்பியைப் பிடித்து, மற்றக் கையைச் சட்டையோடு ஊசி குத்தி விட்டுவிடலாம். இரண்டையும் ஒரே கையில் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆட்டுவது

முதலில் மானிட்டர். கேமராவின் படம் உங்கள் கண்ணுக்கு எட்டும் இடத்தில், இடுப்புக்குக் கீழே ஒரு திரையில் தெரிய வேண்டும். அது கண்ணாடிபோல் இடவலம் மாறிய படமாக இருக்கக் கூடாது. கைப்பேசியின் முன்கேமரா பெரும்பாலும் கண்ணாடிப் படத்தையே காட்டும், ஆகவே பின்கேமராவைத் திரையோடு இணையுங்கள். கேமராவைப் பார்த்து நின்று கையை உங்கள் வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் பொம்மை இடப்பக்கம் போகும். தொடக்கத்தில் மூளை மறுக்கும். கையை மறந்து திரையை மட்டும் பார்த்து, பொம்மையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடத்திக்கொண்டே இருங்கள். கண்ணாடிப் படத்தில் பழகிவிட்டு இன்னொருவரோடு சேர்ந்து ஆடப் போனால் ஒருவர் மேல் ஒருவர் மோதுவதுதான் நடக்கும்.

அடுத்து பார்வை. கையை மேலே தூக்கியதும் மணிக்கட்டு இயல்பாகப் பின்னுக்குச் சாயும், பொம்மை கூரையைப் பார்க்கும். மணிக்கட்டை முன்னுக்கு மடக்குங்கள், பொம்மை குனிகிறதோ என்று உங்களுக்குத் தோன்றும் அளவுக்கு. திரையில் கண்மணிகள் லென்ஸைத் தொடும் கோணம் அங்கேதான் இருக்கும். அந்த மடக்கு முன்கைத் தசையை வாட்டி எடுக்கும். ஒரு நிமிடம் பிடித்து, கையை இறக்கி உதறி, மறுபடி பிடியுங்கள். தோள் வலித்தால் அன்றைக்கு அதோடு விடுங்கள்.

பேச வைக்கும்போது கட்டைவிரல் மட்டும் இறங்க வேண்டும். நான்கு விரல்களும் அசையாமல் நிற்க வேண்டும். மேல் தாடையைத் தூக்கித் தூக்கிப் பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் மண்டை பின்னுக்குப் போகும், கண் லென்ஸை விட்டு நழுவும். இதைத் திருத்த ஒரு வழி: மேல் தாடையின் மீது ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ஒன்று முதல் இருபது வரை எண்ண வையுங்கள்.

அசை பிறக்கும்போது வாய் திறக்க வேண்டும், முடியும்போது மூட வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: சொல்லைக் கடிப்பதுபோல் அசைக்கு அசை மூடுவார்கள். ‘அம்மா’ என்றால் ‘அ’வில் சற்றே திறந்து, ‘ம்’மில் மூடி, ‘மா’வில் அகலத் திறக்க வேண்டும். பொம்மை ‘ம்’மில் திறந்திருந்தால் காது ஒன்று கேட்கும், கண் வேறொன்று பார்க்கும். வேகமான பேச்சில் எல்லா அசைக்கும் திறக்க வேண்டாம், அழுத்தம் விழும் அசைகளுக்குத் திறந்தால் போதும். கிசுகிசுப்புக்கு ஒரு விரல் அளவு, கத்தலுக்கு முழு வாய். ‘சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ நாட்களில் ஹென்சனும் ஜேனும் பெரும்பாலும் இசைத்தட்டுக்கு வாயசைத்தார்கள். இன்றும் பயிற்சிக்கு அதுவே சிறந்தது: பாடலில் அசைகள் நீளும், தவறினால் உடனே தெரியும்.

பிறகு உயரம். திரையின் கீழோரத்தில் பொம்மையின் மார்பு எங்கே வெட்டப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கை களைக்கும்போது பொம்மை மெல்ல மெல்ல மூழ்கும். அது உங்களுக்கு உறைக்காது, திரையில்தான் தெரியும். திரைக்குள் நுழையும்போது கீழேயிருந்து லிஃப்டில் வருவதுபோல் எழும்பக் கூடாது. ஓரத்திலிருந்து, அடிக்கொருதரம் இரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கி நடந்து வரட்டும். யார் சொல்லையும் கேட்கும்போது பொம்மை அசையாமல் நின்று சொல்பவரைப் பார்க்கட்டும். பதில் சொல்ல வேண்டிய நேரம் வரும்வரை தலையாட்டிக்கொண்டே இருப்பது பதற்றம், நடிப்பல்ல.

1979-ல் வந்த ‘தி மப்பெட் மூவி’யின் தொடக்கத்தில் கெர்மிட் சதுப்புநீரில் மரக்கட்டைமேல் உட்கார்ந்து பாடுவான். அதற்காக ஹென்சன் நீருக்கடியில் வைத்த ஓர் உலோகத் தொட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து, ஒரு ரப்பர் உறை வழியாகக் கையை மேலே நீட்டினார். தொட்டிக்குள்ளும் மானிட்டர் இருந்தது. உங்கள் வீட்டு மேசைக்கடியில் இடம் போதவில்லை என்று தோன்றினால் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்கலாம்.

வைத்துக்கொள்வது

ஆட்டி முடித்ததும் தலையை உடனே பைக்குள் போடாதீர்கள். உள்ளே வியர்வை இருக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஒரு குச்சியில் தலைகீழாக மாட்டி ஓர் இரவு காற்றாட விடுங்கள். வாய் மூடிய நிலையில், முகத்தில் எடை விழாமல் வையுங்கள். அழுந்திய ஃபோம் அந்த வடிவத்திலேயே தங்கிவிடும். ஃப்ளீஸ் அழுக்கானால் ஈரத்துணியால் துடைக்கலாம், முக்கி எடுத்தால் சிமென்ட் இணைப்புகள் விடும்.

பாலியூரித்தேன் ஃபோம் நிரந்தரமல்ல. வெயிலும் காற்றும் பட்டுச் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, கையில் மாவாக உதிரும். கெர்மிட்டே பலமுறை புதிதாகச் செய்யப்பட்டவன்தான். இதழ்களின் காகித வடிவம், டேப்பில் வெட்டிய மூன்று தோல் துண்டுகள், வாய்த்தகட்டின் அளவு ஆகியவற்றில் தேதியும் ஃபோமின் கனமும் எழுதி உறையிலிட்டு வையுங்கள். கண்ணின் இடத்தை மட்டும் அளவாக எழுதிப் பயனில்லை. கேமரா முன் நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்களை அதே உறையில் சேர்த்துவிடுங்கள், அடுத்த தலைக்கு அவற்றைப் பார்த்துத்தான் கண் வைக்க வேண்டியிருக்கும்.